புகைக்குள் கேட்ட டிரம்

எண்பதுகளின் தொடக்கம். பினாங்குப் பாலம் அப்போது இல்லை. தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போக ஃபெரியைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் படகு வைத்திருக்கும் யாரையாவது பிடிக்க வேண்டும். அந்த வருடம் சுமத்ராவில் காடு எரிந்து, புகை கடலைத் தாண்டி வந்து ஜார்ஜ்டவுனை மூடியிருந்தது. கொடியில் போட்ட துணியெல்லாம் கருகல் வாசம். அப்படி ஒரு பகலில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். கேட்டால் சிரிப்பார்கள் என்று வீட்டுக்கு வெளியே இதை அதிகம் சொன்னதில்லை.

நான் அப்போது ஓர் இளைஞர் பேண்டில் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தேன். என் அண்ணன் டிரம் கோர்ப்ஸில் இருந்தான். வெளியாட்களுக்கு இரண்டும் ஒன்றுதான், சீருடை போட்டுக்கொண்டு வாசித்தபடி தெருவில் நடக்கிற கூட்டம். எங்களுக்கோ அது தீராத பகை. அவர்களிடம் டிரம்மும் பியூகிள் என்கிற ஊதுகொம்பும் மட்டும்தான் இருக்கும். இசைக்குறிப்பு பார்த்து வாசிக்க மாட்டார்கள், ஆனால் நடை மட்டும் கத்தி வைத்து வெட்டியதுபோல இருக்கும். எங்களிடம் கிளாரினெட், சாக்சபோன், புல்லாங்குழல் எல்லாம் உண்டு. எங்கள் பேண்டு அண்ணன்மார் சிலர் வார இறுதியில் சீனர் சாவு ஊர்வலங்களில் வாசிக்கப் போவார்கள். அதை வைத்து எங்களுக்கு 'சாவு பேண்டு' என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் மட்டும் சும்மா இருப்போமா? அவர்களைத் 'தகர டப்பா' என்போம்.

அண்ணனும் முதலில் எங்கள் பேண்டில்தான் இருந்தான். திடீரென்று விட்டுவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தான். அன்றோடு எனக்கும் அவனுக்கும் பேச்சு நின்றது. "அம்மா, அந்தப் பீப்பிகிட்ட சொல்லுங்க, பாத்ரூம் காலியா இருக்கு" என்று அம்மா வழியாகத்தான் எல்லாம். கிளாரினெட் ஊதுவதால் நான் 'பீப்பி'. நானும் லேசுப்பட்டவள் இல்லை, அதே அம்மாவிடம் பதிலை அனுப்புவேன். பாவம் அம்மா.

பகை இருந்தாலும் இரண்டு பக்கமும் மீறாத ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஊர்வலத்தில் வாத்தியங்கள் ஓயும்போது, கால் தவறாமல் இருக்க டிரம் மட்டும் ஒரு தாளத்தை அடித்துக்கொண்டே வரும். அதை நாங்கள் 'அடி' என்போம். ஒவ்வொரு குழுவுக்கும் சொந்தமாக ஓர் அடி உண்டு. அடுத்தவர் அடியை எடுத்து அடித்தால் அது முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம். அதற்காக எஸ்பிளனேட் திடலில் மூக்கு உடைந்ததும் உண்டு. கோர்ப்ஸின் அடியை உருவாக்கியவனே என் அண்ணன்தான். தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் இரண்டு கரண்டிகளால் தட்டுவான். சுவருக்கு இந்தப் பக்கம் காதைப் பொத்திக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன்.

பெருநிலத்தில் சுங்கை பாக்காப் பக்கம் ஒரு விழாவுக்கு இரண்டு குழுக்களையும் கூப்பிட்டிருந்தார்கள். விழா முடிந்ததும், வாத்தியங்களோடு எங்களை நேராக ஜார்ஜ்டவுனின் வெல்ட் கீ படகுத்துறையில் இறக்கிவிட மீனவர் ஊரிலிருந்து இரண்டு மரப்படகுகளை ஏற்பாடு செய்தார்கள். ஒரே படகில் ஏறமாட்டோம் என்று தெரிந்துதான் இரண்டு. கோர்ப்ஸ் படகு முதலில் போனது. சாம்பல் படக்கூடாதென்று எங்கள் டிரம்களைத் தார்ப்பாயால் மூடிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு நாங்களும் கிளம்பினோம்.

ஆற்றுமுகத்தைத் தாண்டியதும் கரை காணாமல் போனது. சூரியன் ரசத்தில் மிதக்கிற தக்காளித் தோல் மாதிரி மேலே கிடந்தது. சாம்பல் தூள் சத்தமில்லாமல் எங்கள் தொப்பிகளின்மேல் விழுந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ ஒரு காக்கை வந்து படகு விளிம்பில் உட்கார்ந்து எங்களையே பார்த்தது.  

பாதிக் கடலில் எஞ்சின் இருமிவிட்டு நின்றது. "மாத்தி" என்றார் படகோட்டி, நாங்கள் 'பாக்சிக்' என்று மாமா முறையில் கூப்பிடும் மலாய்க்காரர். மலாயில், செத்துவிட்டது என்று அர்த்தம். திருகிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், பயனில்லை. நீரோட்டம் எங்களைக் கப்பல் போகும் பாதைக்கு இழுக்கிறது என்று அவர் சொன்னபோது ஒரு கப்பலின் ஊதல் கேட்டது. முதலில் வலப்பக்கம், அடுத்த முறை முதுகுக்குப் பின்னால். புகைக்குள் சத்தத்துக்குத் திசையே இல்லை. கொஞ்ச நேரத்தில், கப்பல் நெருங்க நெருங்க, காலுக்குக் கீழே பலகை மெல்ல அதிர ஆரம்பித்தது.

எங்கள் பேண்டில் பேஸ் டிரம் வாசிக்கும் மூத்த அண்ணன் ஒருவர் கயிற்றை அவிழ்த்து, டிரம்மை எடுத்து எங்கள் அடியை அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். முன்னால் போன கோர்ப்ஸ் படகு திரும்பி வரவில்லை.

"கேட்டாலும் திரும்ப மாட்டானுங்க லா. சும்மா விளையாடுறோம்னு நெனைப்பானுங்க" என்றார்.

"அவங்க அடிய அடிங்கண்ணே. சண்டை போடவாவது வருவாங்க" என்றேன்.

"அது எனக்கு எங்க தெரியும்?"

எனக்குத் தெரியும். கம்பை வாங்கினேன். என் வாழ்நாளில் டிரம்மைத் தொட்டவளில்லை. ஆனால் அடிக்கத் தொடங்கியதும் தாளம் தானாக வந்தது. வேண்டாம் வேண்டாம் என்று காதைப் பொத்திக்கொண்டு கேட்ட ஒவ்வொரு தட்டும் கைக்குள் இருந்தது.

இரண்டு சுற்றுகூட முடிந்திருக்காது. புகையைக் கிழித்துக்கொண்டு கோர்ப்ஸ் படகின் மூக்கு தெரிந்தது. முன்னால் என் அண்ணன், கண் சிவந்து நின்றான். "யாருடா அது எங்க அடிய..." என்று தொடங்கியவன் கம்போடு நிற்கும் என்னைப் பார்த்ததும் கயிற்றுக்குக் கை நீட்டினான். பாக்சிக் கயிற்றை வீசினார். யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, 'தகர டப்பா'க்கள் எல்லோரும் சேர்ந்து இழுத்துக் கட்டினார்கள். நாங்கள் நகர்ந்த சற்று நேரத்தில், நாங்கள் மிதந்துகொண்டிருந்த பக்கமாக ஒரு கப்பல் கடந்துபோனது. கப்பலைப் பார்க்கவில்லை. டீசல் நாற்றமும் பெரிய அலையும்தான் வந்தன.

வெல்ட் கீயில் இறங்கியதும் அண்ணன் என்னிடம் வந்தான். அம்மா நடுவில் இல்லாமல் அத்தனை மாதத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"எவ்ளோ நேரமா அடிச்சிட்டு இருந்த?"

"நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான்."

அவன் முகம் மாறியது. ஆற்றுமுகத்தை விட்டு வெளியே வந்த உடனே அவர்கள் படகில் இருந்த எல்லோரும் தங்கள் அடியைக் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் கேலி செய்கிறோம் என்று கொதித்துப்போய், அப்போதே படகைத் திருப்பச் சொல்லி, புகைக்குள் சுற்றிச் சுற்றி எங்களைத் தேடியிருக்கிறார்கள். அப்போது எங்கள் எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. டிரம்கள் தார்ப்பாய்க்குள் கட்டிக் கிடந்தன.

"சாமி சத்தியமா தம்பி, நாங்க தொடவே இல்ல" என்றார் பேஸ் டிரம் அண்ணன்.

 அண்ணன் கடல் பக்கம் திரும்பிச் சொன்னான்: "கடைசியா ஒண்ணு கேட்டுச்சு, நடுவுல பிசிறுச்சு. அது நீ. அதுக்கு முன்னாடி கேட்டது சுத்தமா இருந்துச்சு. நானே அடிக்கிற மாதிரி."



எதிரொலி என்றார்கள். மீனவர்கள் வலைக்குள் மீனை விரட்டத் தட்டியிருப்பார்கள் என்றார்கள். அண்ணன் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, தன் அடி தனக்குத் தெரியாதா என்பான். ஆனால் அதற்குப் பிறகு யாரும் எங்களைச் 'சாவு பேண்டு' என்று சொல்லவில்லை. பேஸ் டிரம் அண்ணனின் அப்பா இறந்தபோது கோர்ப்ஸ்காரர்கள் சீருடையோடு வந்து, டிரம்மின்மேல் கறுப்புத் துணியைப் போட்டு வாசித்துக்கொண்டே கூட நடந்தார்கள். பிறகு இரண்டு குழுக்களும் ஒரே அறையில் வாத்தியங்களை வைத்தன. இப்போது அண்ணன் மகள் வாசிக்கிற குழுவில் பியூகிளும் கிளாரினெட்டும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. நாங்கள் எதற்காக அடித்துக்கொண்டோம் என்று சொன்னால் அவளுக்குப் புரிவதே இல்லை.

அண்ணன் இன்றும் என் வீட்டுக்கு வந்தால் மேசையில் கரண்டியால் தட்டுவான். சமையலறையில் நிற்கும் நான் ஒருமுறை எட்டிப் பார்த்து, தட்டுவது அவன்தான் என்று உறுதி செய்துகொள்வேன். அன்று புகைக்குள் முதலில் அடித்தது யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அத்தனை வெறுப்போடு கேட்ட ஒரு தாளம் எனக்குள்ளேயே அவ்வளவு பத்திரமாக இருந்து எங்கள் உயிரைக் காத்ததே, அதன் பிறகு யாரையும் முழுசாக வெறுக்க எனக்கு வரவே இல்லை.