அரை மணி நேர முதலாளி

போன செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால்... எங்கே போவது?

தண்டையார்பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறை. அதன் முதலாளி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டே போய்விட்டார். வேலை பார்த்த ஒன்பது பேரும் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பட்டறையைத் தாங்களே எடுத்து நடத்துகிறார்கள். ஆக, ஒன்பது பேரும் முதலாளி!

இதில் அதிசயம் என்ன? நெசவாளர் சங்கம் சேலை விற்கிறது. பால்காரர் சங்கம் பால் ஊற்றுகிறது. எங்கள் தெருமுனையில் சர்வர்களே நடத்தும் காபி கிளப்பில் இடம் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

சைக்கிள் பெடல் அச்சு தேய்ந்துபோக, அன்று அந்தப் பட்டறைக்குப் போயிருந்தேன். சங்கத் தலைவர் கன்னியப்பன் என் சலவை ஜிப்பாவையும் மூக்குக்கண்ணாடியையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், ஒரு ஒத்தாசை பண்ணு சார். லாஞ்ச் கம்பெனி மானேஜர் வந்துகினு கீறாரு. போன தபா 'முதலாளி எங்கே'ன்னாரு. 'நாங்கதான்'னோம். சிரிச்சிட்டுப் பூட்டாரு. இந்த ஆர்டரும் பூடுச்சுன்னா பட்டறைய இஸ்து மூட வேண்டியதுதான். நீ சும்மா அந்த நாற்காலில குந்து, போதும்."

பழைய முதலாளியின் நாற்காலி. ஒன்பது பேரில் ஒருவர்கூட இதுவரை அதில் உட்கார்ந்ததில்லையாம். கூச்சமாம்!

உட்கார்ந்தேன். மானேஜர் வந்து கும்பிட்டார். நான் தலையை மட்டும் அசைத்தேன் — யார் சொல்லிக்கொடுத்தார்கள்? லாஞ்சுப் படகுகளுக்கு இன்ஜின் ஷாஃப்ட் வேண்டும் என்றார். "ஆகட்டும், பார்க்கலாம்" என்றேன். பீடி பிடித்துக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் என்னைக் கண்டு பீடியை அணைத்தார். டீ எனக்குத்தான் முதலில் வந்தது. அடேயப்பா, நாற்காலிக்கு இவ்வளவு மகிமையா!

மூலையில் முனுசாமி என்பவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என் வாய் சும்மா இருந்ததா?

"என்னப்பா, வேலை இல்லையா? எழுந்திரு!"

முனுசாமி பதறி எழுந்தார். டீ சிந்தியது. அப்புறம்தான் அவருக்கு நினைவு வந்தது.

"யோவ்! யாரைப் பார்த்து எய்ந்திருன்ற? நானும் முதலாளிதான்யா! நீ எய்ந்திரு மொதல்ல!"

கன்னியப்பன் தலையில் கைவைத்துக்கொண்டார். "அப்போ இவர் யார்?" என்றார் மானேஜர்.

"பெடல் ரிப்பேருக்கு வந்த சாரு..."

எனக்கு மானம் போயிற்று. அதைவிட, ஒன்பது வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டேனே!

"வேலை கெட்டுப்போனால் நான் யாரைப் பிடிப்பது?" மானேஜரின் குரலில் சூடு.

முனுசாமிதான் பதில் சொன்னார். "ஒரே முதலாளின்னா ஓடிப் பூடுவான் சார். எங்க பழைய மொதலாளி ஓடல? நாங்க ஒம்போது பேரு வூடும் இங்கியேதான் கீது. எங்க ஓடுவோம்? யாரை வோணா புடி!"

மானேஜர் ஒன்பது பேரையும் ஒருமுறை பார்த்தார். "சரி, ஒரு ஷாஃப்ட் செய்து காட்டுங்கள். பொருந்தினால் மற்றவையும் உங்களுக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பிடித்த தவிப்புதான் எனக்கு. பொருந்துமா... பொருந்தாதா? முதலாளி சுலபமாகப் போய்விடுகிறார்; அவர்மேல் இருந்த பயம் போகத்தான் நாளாகிறது. அந்தப் பயத்தை நான் வேறு கிளறிவிட்டு வந்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் சைக்கிள் மணி. கன்னியப்பன்! "பொருந்திச்சு சார்! அத்தினி ஆர்டரும் நமக்கே!"

"நாற்காலி?" என்று கேட்டேன்.

"முனுசாமி குந்திகினு டீ குடிக்கிறான்."

தொழிலாளியை டிஸ்மிஸ் செய்த முதலாளிகள் ஊருக்கு நூறு பேர் உண்டு. தொழிலாளியால் டிஸ்மிஸ் ஆன முதலாளி, எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்!