இலையில் ஒரு கை

கருப்பணனை எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. திங்கட்கிழமை என்றால் திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கூட்டம் நெரியும். குறைதீர்க்கும் நாள். பட்டா வரவில்லை, பென்ஷன் நின்றுபோச்சு, தெருக்குழாயில் காற்றுதான் வருகிறது என்று ஆளுக்கு ஒரு வேதனை. வேப்பமரத்தடியில் மடக்கு மேசை போட்டு அதையெல்லாம் மனுவாக எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அந்த நெரிசலில் எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு, நான் சோற்று டப்பாவைத் திறக்கிற நேரம் பார்த்து ஒரு மனுசன் வந்து உட்கார்ந்து, "தாயி, நாட்டுக்கு ஒரு பதக்கம் வேணும்" என்றால் எரிச்சல் வருமா வராதா?

"எந்த நாட்டுக்கு?"

"நம்ம நாட்டுக்குத்தான்."

"அண்ணே, காலையில இருந்து எழுதி எழுதிக் கை வீங்கிப் போச்சு. விளையாட ஆள் கெடைக்கலையா?"

அவர் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. "சாப்புடு தாயி, நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மரத்தில் சாய்ந்துகொண்டார். கறுத்த மெலிந்த உடம்பு, சலவை வேட்டி, சட்டைப் பையில் மடித்து வைத்த ஒரு பழைய பேப்பர். நான் சாப்பிட்டு முடிக்கிற வரை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று தோன்றியது.

பேர் கருப்பணன், ஊர் எரியோடு பக்கம். இப்போது முருங்கைத் தோட்டம். அதற்கு முன்னால் வெளிநாட்டில் லாரி ஓட்டியவர். அந்த நாட்டில் சண்டை மூண்டு, விமான நிலையத்துக்குப் போகிற ஒரே சாலையை ஒரு முரட்டுத் தளபதி பிடித்து வைத்துக்கொண்டானாம். நம் ஆட்கள் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். தண்ணீர் தீர்ந்துவிட்டது. உலகத்தில் எந்த அரசாங்கமும் அந்தத் தளபதியோடு பேசத் தயாராக இல்லை. அப்போது நம் நாட்டை ஆண்ட தலைவர் நேரே அவன் இடத்துக்கே போனார். தலைவர் பேரை நான் சொல்ல மாட்டேன். சொன்னால் இரண்டு கட்சிக்காரர்களும் என் மேசையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

"போயி என்ன செஞ்சாரு?" என்றேன்.

"சாப்பிட்டாரு."

"சாப்பிட்டாரா?"

"அவனோட ஒரே தட்டுல ஒக்காந்து சாப்பிட்டாரு தாயி. மறுநாளே ரோட்டத் தொறந்து விட்டுட்டாய்ங்க." சட்டைப் பையிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்து விரித்தார். பெரிய தட்டு, இரண்டு பக்கமும் இரண்டு பேர், தலைவரின் கை சோற்றில். மேலே கொட்டை எழுத்தில் 'கொலைகாரனோடு விருந்து'. "இந்தப் படத்தப் போட்டே அவரத் தேர்தல்ல தோக்கடிச்சாங்க. நாடே காறித் துப்புச்சு. பகையாளி வீட்டுல போயிக் கை நனைக்கிறது அம்புட்டு லேசா? நம்ம ஊர்ல எத்தன பேரு செய்வான்?"

கை நனைப்பது என்றால் எங்கள் பக்கத்தில் சாப்பிடுவது மட்டுமில்லை. ஒருவர் வீட்டில் கை நனைத்தால் உறவு உண்டு என்று அர்த்தம். பகை வந்துவிட்டால் சொந்தக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்கே போனாலும் தலையைக் காட்டிவிட்டுப் பந்தியில் உட்காராமல் திரும்பிவிடுவார்கள். உலக அரசியலையே மனுசன் இந்த ஒரு கணக்கில் புரிந்து வைத்திருந்தார். எனக்கென்னவோ டிவியில் கோட்டுப் போட்டுப் பேசுகிறவர்களைவிட இது தெளிவாக இருந்தது.

பதக்கம் எப்படி இருக்க வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தார். தலைவரின் முகம் வேண்டாமாம். ஒரு வாழை இலை, அதில் ஒரு கை, அவ்வளவுதான். வருசா வருசம் ஒரு சண்டையைப் பேசித் தீர்த்தவருக்குத் தலைவர் பேரில் கொடுக்க வேண்டும். அதிலும் யார் முதலில் எதிராளி வீட்டு வாசலை மிதித்தாரோ அவருக்குத்தான்.

"ஏண்ணே, இம்புட்டு வருசம் விட்டுட்டு இப்ப என்ன அவசரம்?"

"அவரு ஆஸ்பத்திரியில கெடக்காரு தாயி. நீ செஞ்சது தப்பில்லய்யான்னு ஒரு வார்த்த அவரு காதுல விழணும். பதக்கம் பெறகு வரட்டும். இப்படி ஒருத்தன் கேட்டிருக்கான்னு தெரிஞ்சாப் போதும்."

அதற்கு மேல் நான் கிண்டல் செய்யவில்லை. நல்ல தாளாக எடுத்து, என் கையெழுத்திலேயே சிறந்த கையெழுத்தில் எழுதினேன். எழுதி முடித்ததும், "ஒத்தக் கையெழுத்து எடுபடாதுண்ணே. உங்ககூட அடைஞ்சு கெடந்தவங்க இன்னொருத்தராவது போடணும். இல்லைன்னா இவரு பாட்டுக்கு எதையோ சொல்றாருன்னு ஓரமா வச்சிருவாங்க" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. மற்றவர்கள் ராஜஸ்தான், பீகார் என்று எங்கெங்கோ போய்விட்டார்கள். "ஒருத்தன் பக்கத்துலதான் இருக்கான். என் தம்பி மலைச்சாமி."

"அப்புறம் என்ன? ஓடிப் போயி வாங்கிட்டு வாங்க."

"அவங்கூடப் பேச்சு இல்ல."

தம்பி போட்ட போர்வெல் அண்ணன் கிணற்று ஊற்றை உறிஞ்சிவிட்டதாம். அன்றிலிருந்து பேச்சு நின்றது. நடுவில் ஒரே ஒரு வரப்பு. தம்பி மகள் கீர்த்தனா சடங்குக்குப் போனவர் வாசலோடு நின்று பிள்ளையைப் பார்த்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டாராம். அதையும் பெருமையாகவே சொன்னார். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"ஏண்ணே, உங்களுக்கே இது நல்லா இருக்கா? துப்பாக்கி வச்சிருந்தவன் வீட்டுல அந்த மனுசன் கை நனைச்சாரு. உங்க தம்பி என்ன வச்சிருந்தான்? ஒரு மோட்டாரு. இந்தப் பதக்கத்தக் கேக்க உங்களுக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என் வாய் அப்படி, திண்டுக்கல்லுக்கே தெரியும். கருப்பணன் எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், மனுவை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். போகட்டும் என்று இருந்தேன். ஆனால் அந்தத் தாளை மற்ற தாள்களோடு சேர்க்க மனசு வரவில்லை, என் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தலைவருக்கு மூச்சுக் குழாய் வைத்துவிட்டதாகக் காலைச் செய்தி. "செத்த நேரம் தம்பி வீட்டு வரைக்கும் எங்கூட வா தாயி. ஒத்தையில போகக் கால் வரல" என்றார். அடக்கடவுளே, இந்த ஆளை என்ன செய்வது! மேசையை மடக்கி டீக்கடையில் போட்டுவிட்டு எரியோடு பஸ் ஏறினேன்.

மலைச்சாமி வீட்டு வாசலில் முருங்கைக்காயைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்ததும் கையிலிருந்த நாரைக் கீழே போட்டார். மலைச்சாமி சம்சாரம் இராமுத்தாய்தான் உள்ளேயிருந்து வந்து, ஒன்றுமே நடக்காததுபோல, "வாங்க மாமா, நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க. வெஞ்சனம் பெருசா ஒண்ணுமில்ல, முருங்கைக்கீரதான்" என்று பந்திப்பாயை விரித்தாள். என்ன பொம்பளை! அந்த இடத்திலேயே அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கருப்பணன் உட்கார்ந்தார். இலை வந்தது. சோறு, மொச்சைக் குழம்பு, கீரை. மலைச்சாமி உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அண்ணன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மூலையில் டிவி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கருப்பணன் சோற்றைப் பிசையக் கை வைத்த நேரம், செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல் மாறியது. தலைவர் காலமாகிவிட்டார்.

சாவுச் செய்தி காதில் விழுந்தால் இலையை விட்டு எழுந்துவிடுவதுதான் முறை. கருப்பணன் எழுந்தால் ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு எழுந்துவிட்டால் மறுபடி அந்த வீட்டில் உட்காருவாரா? இராமுத்தாய் கரண்டியோடு அப்படியே நின்றாள். மலைச்சாமி டிவியை அணைக்க ஓடினார்.

"அணைக்காத" என்றார் கருப்பணன். டிவியில் அதே பழைய படத்தைக் காட்டினார்கள். பெரிய தட்டு, சோற்றில் கை. 'அவர் வாழ்வில் அழியாத கறை' என்று எவனோ சொல்லிக்கொண்டிருந்தான். கருப்பணனுக்குக் கண்ணீர் இலையில் சொட்டியது.

"அவரு சாப்பிட்டதாலதாம்லே நம்ம ரெண்டு பேருக்கும் உசுரு மிஞ்சுச்சு. நான் பாதியில எந்திரிச்சா அவருக்குத்தான் அசிங்கம்" என்றார். ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். தொண்டையில் இறங்காமல் விக்கியது. மலைச்சாமி தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, அண்ணன் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்து, அதே இலையின் ஓரத்தில் கை வைத்தார். நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கண்ணில் தூசி என்றெல்லாம் சொல்ல மாட்டேன், அழுதேன்.

சாப்பிட்டு முடிந்ததும் நான் பையிலிருந்து மனுவை எடுத்து விசயத்தைச் சொன்னேன். மலைச்சாமி, "எங்கேண்ணே போடணும் கையெழுத்து?" என்றார்.

"கையக் கழுவிட்டுப் போடுங்களேன்" என்றாள் இராமுத்தாய்.

"கழுவிட்டு வர்றதுக்குள்ள அண்ணன் மனசு மாறிட்டா?"

அப்படியே வாங்கிப் போட்டார். அழகாக எழுதிய என் மனுவில் நாலு விரலும் குழம்புக் கறையாகப் பளிச்சென்று பதிந்துவிட்டன. தலைவர் பேருக்கு முன்னால் 'மறைந்த' என்று நான் ஒரு வார்த்தை சேர்த்தேன்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். மனு வாங்குகிற இடத்தில் வினிதா என்று ஒரு சின்னப் பெண். நல்ல பிள்ளை, முழுசாகப் படித்துப் பார்த்தாள். "மேல டெல்லிக்குத்தான் போகணும், அனுப்பி வைக்கிறோம். ஆனா கறையா இருக்கே? வேற தாள்ல எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

"அதெல்லாம் முடியாது. இந்தத் தாளத்தான் வாங்கணும்" என்று நான் குரலை உயர்த்தினேன். கருப்பணன் என் கையைப் பிடித்து அமர்த்தினார்.

"அது கறை இல்லம்மா, எந் தம்பி கை" என்றார்.

"டெல்லியில இது என்னன்னு கேட்டாங்கன்னா நான் என்ன சார் சொல்றது?"

"கேட்டா எரியோட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லும்மா."

வினிதா அவரையும் மலைச்சாமியையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு அந்த நாலு விரல் தடத்தில் ஒன்றின் மேலும் படாமல், தாளின் ஓரமாகப் பார்த்து முத்திரை குத்தினாள்.