மாற்றியவர்: சிஸ்டம்

கிள்ளானில் எங்கள் பள்ளிக் கணினி அறையின் இணையத் தடுப்பான ஃபயர்வாலின் பதிவில், போன செவ்வாய்க்கிழமை "அமைப்பு மாற்றப்பட்டது" என்று ஒரு வரி இருந்ததாம். அன்று அறையில் கடைசியாக இருந்தவள் நான். நான்தான் மாற்றினேன் என்று, கணினிக் கழகத் தலைவி பொறுப்பை இன்று காலை பறித்துவிட்டார்கள்.

பொறுப்பாசிரியரிடம் கெஞ்சிப் பதிவைப் பார்த்தேன். அதே வரி எல்லாச் செவ்வாயும் இருந்தது, தீபாவளி விடுமுறையில்கூட. மாற்றியவர் என்ற இடத்தில் "சிஸ்டம்". ஃபயர்வால் தன் தடைப்பட்டியலைத் தானே புதுப்பித்து, அதையும் எழுதிவைக்கிறது.

"ஸ்கூலே பூட்டியிருந்துச்சு சார். நான் எப்படி வந்திருப்பேன்?"

சார் பதிவை மூடினார்.

"சரி லா, நீ செய்யல. ஆனா இவ்ளோ தெரிஞ்ச பிள்ளைகிட்ட லேப் சாவிய எப்படிம்மா குடுக்குறது?"

புதுத் தலைவிக்கு அந்தப் பதிவைத் திறக்கவே தெரியாது. அதுதான் தகுதி போலும்.

உங்கள் பள்ளியிலும் இப்படித்தானா?