எங்கள் பங்கு வேலி

உரித்த தேங்காய்க்கு ஞானஸ்நானம் கொடுத்துப் பழகியவள் நான். கன்னியர் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படித்தபோது, பெண்பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கொரு தேங்காயை மடியில் கொடுத்து, சொம்புத் தண்ணீரை அதன் மேல் ஊற்றச் சொல்வார்கள். சாமியார் வந்து சேர்வதற்குள் பிள்ளை செத்துவிடும் என்றால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஆனால் தண்ணீரை ஊற்றுகிறவளே வார்த்தைகளையும் சொல்ல வேண்டும், ஊற்றும்போதே சொல்ல வேண்டும். கை ஒருத்தியுடையது, வாய் இன்னொருத்தியுடையது என்றால் செல்லாது. இதையெல்லாம் தப்பில்லாமல் ஒப்பித்து ஞானோபதேசம் என்ற வேத பாடத்தில் முதல் பரிசாக ஒரு ஜெபமாலை வாங்கினேன். எத்தனை தேங்காய்களை மோட்சத்துக்கு அனுப்பியிருப்பேனோ தெரியாது. எல்லாம் அன்று சாயங்காலமே மடத்துக் குழம்பில் கிடந்தன.

அந்தப் பெருமையோடுதான் வில்லியனூருக்குத் தெற்கே, சங்கராபரணி ஆற்றைத் தாண்டி இருந்த ஒரு ஊருக்கு மருமகளாகப் போனேன். பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய சமயம் அது. வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள், வெள்ளைக்காரரான எங்கள் பங்குச் சாமியார் மட்டும் போகவில்லை. அவரும் அவர் கோயிலும் ஆற்றுக்கு வடக்கே இருந்தார்கள். எங்கள் ஊரில் கிறிஸ்தவ வீடுகள் பத்துப் பதினைந்துதான். எங்களுக்கென்று இருந்தது ஓர் ஓலைக் கொட்டகையும் ஒரு கல்லறைத் தோட்டமும்.

கல்லறைத் தோட்டத்துக்குப் பனைமட்டை வேலி. அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. நவம்பர் மாதம், செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் ஆத்துமாக்கள் திருநாள் வருவதற்கு முன்னால் அவரவர் பங்கை அவரவர் பிரித்துப் புதிதாகக் கட்ட வேண்டும். எங்கள் வீட்டுப் பங்கு தெற்கு வேலி. அந்த வேலிக்கு வெளியே, முள்ளும் புதருமாகக் கிடந்த இடத்தில்தான், ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளைகளைப் புதைப்பார்கள். சிலுவை கிடையாது, மெழுகுவத்தி கிடையாது. ஜென்மப் பாவம் கழுவப்படாத பிள்ளை மோட்சத்துக்குப் போகாது, நரகத்துக்கும் போகாது, கடவுளைப் பார்க்காமல் எங்கேயோ இருக்கும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். என் நாத்தனாருக்கு அங்கே இரண்டு பிள்ளைகள் இருந்தன.

இரண்டும் அவள் தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்தபோது மாதம் நிறையாமல் பிறந்து, யாரும் சொம்பை எடுப்பதற்குள் மூச்சு நின்றவை. முதலாவது நான் கல்யாணமாகி வருவதற்கு முன். இரண்டாவதின்போது நான் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்ததும் துக்கம் விசாரித்த கையோடு, "நான் மட்டும் பக்கத்துல இருந்திருந்தா உட்டிருப்பனா?" என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது முறை வயிற்றோடு வந்து இறங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அண்ணி, இந்தத் தடவை எங்கியும் போயிட மாட்டீங்களே?"

ஆத்துமாக்கள் திருநாள் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். நான்கு நாளாக விடாத மழை. ஆறு இரண்டு கரையும் முட்டி ஓடியது. எட்டாம் மாதத்திலேயே அவளுக்கு வலி கண்டுவிட்டது. சாமியாரைக் கூட்டிவர முடியுமா என்று பார்க்க என் வீட்டுக்காரர் ஆற்றுக்கு ஓடினார். மருத்துவச்சி வந்தாள். அவள் இந்து. என் மாமியார் வயது இருக்கும், ஆனாலும் நான் அவளை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். அவள் என்னைச் 'சின்னம்மா' என்பாள். அப்போது அது எனக்குத் தப்பாகவே படவில்லை.

வெயில் இல்லாத அந்தக் காலையில் பெண்பிள்ளை பிறந்தது. ஒரு முழம்கூட இல்லை. அழவில்லை. மருத்துவச்சி அதன் வாயில் வாய் வைத்து ஊதினாள், முதுகைத் தேய்த்தாள். ஒரு விக்கல் மாதிரி மூச்சு வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

"ஊத்தும்மா, சீக்கிரம்," என்றாள் என் மாமியார்.

சொம்பு தயாராக இருந்தது. எடுத்தேன். மருத்துவச்சியின் கையில் கிடந்த அந்தத் தலையைப் பார்த்தேன். தேங்காயைவிடச் சின்னது. நெற்றியில் ஒரு நரம்பு ஓடுவது தெரிந்தது. தண்ணீர் என் கையிலிருந்து விழுந்துகொண்டிருந்தது, என் நாக்கோ மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு வார்த்தை வரவில்லை. அப்போது மருத்துவச்சி சொன்னாள். எங்கள் வீடுகளில் எத்தனையோ வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து என்ற பரிசுத்த ஆவி வரை ஒன்றும் விடாமல் சொன்னாள்.

எல்லோரும் ஆமென் என்றார்கள். என் நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு பக்கமும் கண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று.

செல்லாது என்று எனக்கு அந்த நொடியே தெரியும். ஊற்றியது நான், சொன்னது அவள். அந்த அறையில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். உடனே மறுபடி ஊற்றியிருக்கலாம். ஏன் செய்யவில்லை? ஞானஸ்நானத்தை இரண்டாம் தடவை கொடுப்பது பெரிய பாவம் என்றும் படித்திருந்தேன், அதனால் பயந்தேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிவந்தேன். அது பாதி உண்மை. மறுபடி ஊற்றினால், பரிசு வாங்கியவள் வாயடைத்து நின்றாள் என்று மாமியாருக்குத் தெரிந்துவிடும். அதுதான் மீதிப் பாதி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஊர் சிரிக்குமே என்று, ஒரு பிள்ளையின் மோட்சத்தை ஓரமாக வைத்துவிட்டு நின்றேன்.

பிள்ளையைப் பஞ்சில் சுற்றித் தாயின் மார்போடு போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, நல்லா கேட்டுச்சி எனுக்கு. ஆனா மருத்துவச்சி கொரலு மாதிரி இருந்துச்சே?"

"நானும் கூடவே சொன்னேன். மெதுவா சொன்னேன்," என்றேன்.

"அப்ப செரி," என்று என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தோட்டத்துப் பக்கம் போய் ஓலைச் சரிவின் கீழ் நின்றேன். மருத்துவச்சி கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னது தப்பா போச்சா, சின்னம்மா? மொகமே செரியில்லியே."

"ஒண்ணுமில்ல."

"தப்புன்னா மறுக்கா ஊத்திடு. இல்லன்னா நானே ஊத்தி நானே சொல்றேன். அந்தப் பொண்ணு ரெண்டு தடவ அழுதத பாத்தவ நான்."

"நீயா?" என்றேன். அந்த ஒரு சொல்லில் என் குலம், என் படிப்பு, என் ஜெபமாலை எல்லாம் இருந்தன. யார் ஊற்றினாலும் செல்லும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிக் கேட்டேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மத்தியானம் முழுக்க அந்த மூச்சைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பில் கஞ்சி பொங்கியது, கவனிக்கவில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் ஒவ்வொரு தடவையும், இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொள்ளும். அடுத்த மூச்சு வந்ததும், இன்னும் நேரமிருக்கிறது என்று உட்கார்ந்துவிடுவேன். சாமியார் வந்துவிட்டால் என் தப்பு யாருக்கும் தெரியாமல் சரியாகிவிடும் என்று நப்பாசை. மழை விடவே இல்லை.

மூன்று மணி வாக்கில் மாமியார் கூப்பிட்ட குரலில் ஓடினேன். பிள்ளையின் உதடு நாவற்பழ நிறத்துக்கு வந்திருந்தது.

"காலையில ஊத்துனது செல்லாது அத்தை," என்றேன். "நான் வாயத் தொறக்கல. கூடச் சொன்னேன்னது பொய்."

நாத்தனார் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. அவள் என்னைத் திட்டவில்லை. "ஊத்துங்க," என்றாள். "யாராவது ஊத்துங்க."

சொம்பை எடுத்தேன். தண்ணீர் பாயெல்லாம் சிந்தியது. வார்த்தை மறுபடியும் வரவில்லை. சொம்பை மருத்துவச்சி பக்கம் நீட்டினேன்.

"அவ நம்ம வேதமில்லியே," என்றாள் மாமியார்.

"செல்லும் அத்தை. யாரு ஊத்துனாலும் செல்லும். இவங்க ஊத்தட்டும்."

இவங்க என்று என் வாயில் வந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. மருத்துவச்சி சொம்பை வாங்கினாள். நிதானமாக மூன்று தடவை ஊற்றினாள், ஊற்றும்போதே சொன்னாள், ஒரு சொல்லும் பிசகவில்லை. நான் ஆமென் என்றேன். அழக்கூடத் தெம்பில்லாத அந்தப் பிள்ளை எதையும் சம்பாதிக்கவில்லை, எதையும் ஒப்பிக்கவில்லை. பாவம் கழுவப்பட்டு, கடவுளுக்கு மகளாகி, மோட்சத்துக்கு உரிமைக்காரியாகிவிட்டது. இஷ்டப்பிரசாதம் என்று நாங்கள் பாடம் படித்த சொல்லின் அர்த்தம் எனக்கு அன்றுதான் புரிந்தது. கடவுள் சும்மா கொடுப்பது அது. அதை என் கையில் இருக்கும் சாமானாக நினைத்து, நாள் முழுக்க நான் பூட்டி வைத்திருந்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிள்ளை போய்விட்டது.

மறுநாள் மழை சற்றே ஓய்ந்ததும் வாழைமரத் தெப்பத்தில் என் வீட்டுக்காரர் சாமியாரை அக்கரையிலிருந்து கொண்டுவந்து சேர்த்தார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் நானே சொன்னேன். அவர் மருத்துவச்சியைக் கூப்பிட்டார்.

"என்ன நினைத்து ஊற்றினாய், அம்மா?"

"ஒங்க கோயில்ல இன்னா நெனச்சி ஊத்துவாங்களோ அதத்தான் சாமி. அதுக்கு மேல எனுக்குத் தெரியாது."

"அது போதும்," என்றார். பதிவேட்டைப் பிரித்து, ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதிக்கொண்டார். பிள்ளையை வேலிக்கு உள்ளே அடக்கம் செய்ய உத்தரவாயிற்று.

படுத்திருந்த நாத்தனார் கேட்டாள். "சாமி, அப்ப அந்த ரெண்டும்?"

அவர் பதிவேட்டை மூடி வைத்தார். பிறகு, "கடவுளுடைய இரக்கம் பெரியது, மகளே," என்றார். அது பாடத்தில் இருந்த பதில் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"அவ்ளோ பெரிசுன்னா வேலி இன்னாத்துக்கு சாமி?"

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார். அப்படியே வெளியே போய்விட்டார்.

பிள்ளையைத் தெற்கு வேலி ஓரம், உள்பக்கமாகப் புதைத்தோம். மருத்துவச்சி உள்ளே வரவில்லை. வேலிக்கு வெளியே, அந்த இரண்டு இடங்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். உள்ளே நின்ற எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அடுத்த வருஷம் ஐப்பசியில் வேலி கட்டும் நாள் வந்தபோது நாத்தனார் தன் புருஷன் ஊரிலிருந்து வந்து நின்றாள். எதற்கு வந்தாள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருமாகப் பழைய மட்டைகளைப் பிரித்தோம், முளைகளைப் பிடுங்கினோம். என் வீட்டுக்காரர் கடப்பாரையோடு பழைய குழியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். தெற்கே எட்டடி தள்ளி, அந்த இரண்டு இடங்களுக்கும் அப்பால் போய் முதல் குழியைத் தோண்டினார். அந்தப் பக்கமாகப் போன மருத்துவச்சி, குழிகளுக்கு நேர் பார்க்க நாங்கள் கயிறு பிடிப்பதைப் பார்த்து நின்றாள்.

"கயிறு கோணுது, சின்னம்மா," என்றாள். பிறகு புதரைத் தாண்டி வந்து கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆத்துமாக்கள் திருநாளன்று சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு கல்லறை கல்லறையாக வந்தார். தெற்கு ஓரத்துக்கு வந்ததும் நின்றார். போன வருஷம் புதைத்த பிள்ளையின் சிலுவையைப் பார்த்தார். அதற்கு அப்பால் நாங்கள் மண் அணைத்துப் பூப் போட்டிருந்த இரண்டு சின்ன மேடுகளைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார்.

"போன வருஷம் தோட்டம் இவ்வளவு பெரியதாக இருந்ததா?" என்றார்.

  ஒரு பூசையைக்கூடத் தவறவிடாத என் மாமியார் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள்.

"வெள்ளத்துல மண்ணு நவுந்திருக்கும் சாமி," என்றாள்.

சாமியார் அவளைப் பார்த்தார். பிறகு தீர்த்தத்தைத் தொட்டு முதல் மேட்டில் தெளித்தார். இரண்டாவதில் தெளித்தார். திரும்பி வந்து சிலுவை வைத்த மூன்றாவதிலும் தெளித்தார். என் நாத்தனார் மூன்றுக்கும் தனித்தனியாக ஆமென் சொன்னாள்.