பிச்சிப்பூ வகுப்பு

என் மகளை விளையாட்டுப் பள்ளியிலிருந்து பன்னிரண்டாம் நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். யாரையும் அடிக்கவில்லை, கடிக்கவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். "வாயே திறக்க மாட்டேங்குது. பேச ஆரம்பிச்ச பிறகு கூட்டிட்டு வாங்க" என்றார் அங்கிருந்த டீச்சரம்மா. பேசப் பழகத்தானே இங்கே அனுப்பினேன் என்று கேட்டுவிட்டு, அவளுடைய பையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்கு முன்கோபம். தோவாளையில் எங்கள் தெருவுக்கே அது தெரியும்.

வீட்டில் அவள் வாய் ஓயாது. பல்லி ஏன் விழவில்லை, இட்லிக்கு ஏன் ஓட்டை என்று காலையிலேயே தொடங்கிவிடுவாள். வெளியாள் ஒருவர் படி ஏறினால் போதும், பூட்டுப் போட்டதுபோல் ஆகிவிடும். டாக்டரிடம் காட்டினோம். காது, நாக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது, கூச்சம்தான், அவசரப்படுத்தாதீர்கள் என்றார். அவசரப்படுத்தாதே என்று என்னிடம் சொல்வது எளிது.

இனி நானே வீட்டில் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். என் கணவரின் அக்கா அடுத்த தெருவில் இருக்கிறார். மைனி என்று கூப்பிடுவேன். "நீயா படிப்பிக்கப் போற? நீ போடுக சத்தத்துல பேசுக பிள்ளையும் ஊமையாப் போவும்" என்றார். சுருக்கென்று தைத்தது. பொய்யென்றால் தைத்திருக்காது.

கணவருக்குப் பூச்சந்தையில் வேலை. விடியுமுன் போய்விட்டு, வெயில் ஏறத் திரும்புவார். அவர் சண்டைக்கு வரவில்லை. "ஒரு வருசம் வச்சுப் பாரு. பொறவு நாகர்கோவில்ல எல்.கே.ஜி. சேக்கணும். அங்க மிஸ்ஸுகிட்ட ஒரு வார்த்தையாவது பேசணும் கேட்டியா. பேசலைன்னா அங்கயும் எடுக்க மாட்டாவ" என்றார். ஒரே ஒரு வார்த்தை. அந்த வருடம் முழுக்க நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் எனக்குப் பூக்கட்டுகிற வேலை இருக்கும். அதனால் சமையல் முடிந்து பத்து மணிக்கு ஜன்னலோரம் பாய் விரித்தால் வகுப்பு. முதலில் பாட்டு. கவிழ்த்த பிளாஸ்டிக் வாளிதான் மத்தளம், பாட்டிலில் போட்ட அரிசி கிலுகிலுப்பை. பாட்டுகளை நானே கட்டினேன். 'பஸ்ஸு வருது பஸ்ஸு வருது, பூக்கூடை ஏத்திட்டுப் பஸ்ஸு வருது' என்று ஒன்று. மெட்டு எங்கோ கேட்டதுதான். என் குரலைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நல்லது. அவள் வாளியில் போடும் தாளம் மட்டும் தப்பாது.

கைவேலைக்குக் கடைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. சந்தையில் உதிர்ந்ததை, அடிபட்டதை ஒரு பையில் அள்ளிக்கொண்டு வருவார் கணவர். கேந்தி, வாடாமல்லி, கோழிக்கொண்டை என்று அன்றன்றைக்கு ஒரு நிறம். பழைய கல்யாணப் பத்திரிகையின் முதுகில் மைதாப் பசை தடவி, இதழ்களை ஒட்டி எழுத்துப் போடுவோம். மறுநாள் 'ஆ'வின் சுழியை எறும்பு இழுத்துக்கொண்டு போயிருக்கும். அவள் அதற்காக அழ மாட்டாள். "எறும்பும் படிக்கட்டும்" என்பாள்.

ஓலையில் காற்றாடி செய்து மொட்டை மாடிக்குப் போவோம். ஆரல்வாய்மொழிப் பக்கம் கரண்டு எடுக்கிற பெரிய காற்றாடிகள் வரிசையாக நிற்கும். சுற்றுகிறவற்றை ஒரு கையால் காட்டுவாள். ஒருமுறை சும்மா நிற்கிற ஒன்றைப் பார்த்து, "அதுக்கு இன்னைக்கு லீவா?" என்று கேட்டாள். பாடம் நடத்த ஏறியவள் சிரித்துவிட்டு இறங்கினேன். அப்படிப்பட்ட நாட்களில் எனக்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

எல்லா நாளும் அப்படியில்லை. ஒருநாள் பசைக் கிண்ணத்தை மூன்றாம் முறை தட்டிவிட்டாள். கத்தித் தீர்த்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அம்மை, நீ அந்த மூலையில கொஞ்சம் போய் நில்லு" என்றாள். நின்றேன். என்ன செய்ய, அன்று தப்பு செய்தது நான்தான்.

ஆனால் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. பாட்டு உச்சத்தில் இருக்கும்போது காஸ் சிலிண்டர்காரர் வந்தால் வாளி அப்படியே நின்றுவிடும். மாமாவுக்கு ஒரு டாட்டா சொல்லு என்று கெஞ்சிப் பார்த்தேன், மிட்டாய் காட்டினேன், மிரட்டினேன். ம்ஹூம். வருடமும் ஓடிவிட்டது.

எல்.கே.ஜி. நேர்முகத்துக்கு நானும் அவளும் நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போனோம். சின்ன அறை. மிஸ் இளவயதுக்காரர், முகத்தில் கடுமையில்லை. பெயர் கேட்டார். இவள் மேசையைப் பார்த்தாள். சிவப்பு எது, பச்சை எது என்று கேட்டார். மேசையையே பார்த்தாள். பிறகு மிஸ் பத்து மரமணிகளை மேசையில் பரப்பி, "எத்தனை இருக்கு, சொல்லு பாப்போம்" என்றார்.

என் மகளின் கை மேலே வந்தது. ஒரு மணியை இந்தப் பக்கம் வைத்தாள், அதற்கு எதிரே ஒன்றை அந்தப் பக்கம். இப்படியே பத்தையும் நிதானமாக அடுக்கினாள். நிமிர்ந்து மிஸ்ஸைப் பார்த்தாள்.

"அஞ்சு" என்றாள்.

நான் என்ன செய்தேன்? "ஏட்டி, அஞ்சா? பத்துல்லா இருக்கு. ஒழுங்கா எண்ணு" என்று அதட்டினேன்.

அவள் கை மடிக்குப் போய்விட்டது. உதடு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் பேசியிருந்தாள். வெளியாளின் கண்ணைப் பார்த்து, வீட்டில் பேசுகிற அதே குரலில். ஒரு வருடம் தவம் கிடந்த வார்த்தை வந்து நின்றபோது, அதன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்திருந்தேன். என்னைப் போல ஒரு மடைச்சி இருப்பாளா?

"நல்லாத்தானே பேசினா" என்றார் மிஸ், மெதுவாக.

நான் மணிகளைப் பார்த்தேன். எதிரெதிராக ஐந்து சோடி. சாயங்காலம் நான் பிச்சிப்பூ கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து எனக்காக எண்ணுகிறவள் அவள்தான். இந்தப் பக்கம் ஒரு பூ, எதிரே ஒரு பூ, நாரைச் சுற்றி ஒரு முடிச்சு. அது ஒன்று. பூக்கட்டுகிற நாங்கள் முடிச்சைத்தான் எண்ணுவோம், யாரும் பூவை எண்ணுவதில்லை. வாளியடித்துப் பத்து வரைக்கும் எண்ணிப் பாடுகிறவள், மணியைப் பார்த்ததும் பூவாக நினைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுக் கணக்கில் அந்த மேசையில் ஐந்துதான் இருந்தது.

"மிஸ், பிள்ளை சரியாத்தான் சொல்லியிருக்கா. நான்தான் தப்பு" என்று விளக்க ஆரம்பித்தேன். இரண்டு மணியை எடுத்து, இல்லாத நாரைச் சுற்றி, இது ஒண்ணு என்றேன். மூன்றாவது சோடியில் ஒரு மணி உருண்டு விழுந்தது. குனிந்து எடுத்துவிட்டு, மூன்றா நான்கா என்று தெரியாமல் முழித்தேன். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன், இந்தமுறை ஒரே பக்கம் இரண்டையும் வைத்துவிட்டேன். பொறுக்க முடியாமல் என் மகள் கையை நீட்டி, என் விரல்களை மணிகள்மேலிருந்து எடுத்துவிட்டாள்.

மிஸ்ஸின் பக்கம் திரும்பினாள். "எங்க அம்மைக்கு எண்ணத் தெரியும்" என்றாள். "கோவம் வந்தா மறந்து போவும்."

மிஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப எனக்கு யாரு சொல்லித் தருவா?"

"நான் சொல்லித் தாறேன். கையைத் தாங்க."

மிஸ்ஸின் விரலைப் பிடித்து முதல் மணியை வைத்தாள். எதிரே இரண்டாவதை வைத்தாள். நார் எப்படிச் சுற்ற வேண்டும், எங்கே இறுக்க வேண்டும், ரொம்ப இறுக்கினால் காம்பு ஒடியும், தளர விட்டால் பூ உதிரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். வாசலில் அடுத்த பிள்ளையும் அதன் அப்பாவும் வந்து நின்றார்கள். அவள் அவர்களைத் திரும்பிப் பார்த்தாள், நிறுத்தவில்லை. எனக்குக் கண்ணீர் கொட்டியது. மூக்கை உறிஞ்சினால்கூட அவள் பேச்சு நின்றுவிடுமோ என்று பயந்து, முந்தானையால் வாயை அழுத்திப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.