அப்பாவுக்கு நான் போட்ட புள்ளி

பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் எதுவும் இருக்கவில்லை. அப்படிச் சொன்னது நான்தான். வேறு யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அதற்கு முன்பு எங்கள் தோட்டத்தில் எல்லாம் தெரிந்தவர் என்றால் அது அப்பா. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் பகுதியில் அவருக்கு வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் கொட்டகலைக் கடைகளிலிருந்து பருப்பையோ கருவாட்டையோ சுற்றி வரும் பத்திரிகைத் தாளை ஓர் எழுத்து விடாமல் படித்த பிறகுதான், அடுப்பு மூட்ட அம்மாவிடம் கொடுப்பார். அந்தத் தாள் போன வாரத்ததா, ஐந்து வருடம் பழையதா என்று யாரும் பார்ப்பதில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இரண்டு பேருக்குள் வாக்குவாதம் முற்றினால் நேரே எங்கள் வாசலுக்கு வருவார்கள். எந்த நாடு பெரியது, எந்த ஆறு நீளம், திமிங்கிலம் முட்டையிடுமா, குட்டி போடுமா. அப்பா பீடியை அணைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு பதில் சொல்வார். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

ஏழாம் தரத்தில் நான் சனிக்கிழமைதோறும் ஹட்டனுக்கு டியூஷன் போக ஆரம்பித்தேன். பஸ் வரும்வரை டவுனில் ஒரு மாடியிலிருந்த இன்டர்நெட் கடையில் அரை மணி நேரம் உட்காருவேன். கேள்வியை இங்கிலீஷில் எழுத்துக்கூட்டித் தட்டுவேன். கடைக்கார அக்கா பிழை திருத்துவார். விடை வந்து நிற்கும். அதைக் கொப்பியில் எழுதிக்கொள்வேன், சிலவற்றை அச்செடுத்தும் வருவேன். அப்பா சொன்ன பதில்கள் சில அங்கே வேறு மாதிரி இருந்தன. வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. நல்ல சந்தர்ப்பத்துக்காகக் காத்திருந்தேன் என்றால் என் குணம் உங்களுக்கு விளங்கும்.

கோயில் திருவிழாவில் இளைஞர் மன்றத்தார் பொது அறிவுப் போட்டி வைத்தார்கள். கேள்வி கேட்பது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மகளும் போட்டியில் நிற்கிறாள் என்பதால் அப்பா கேள்வித்தாளைச் சட்டைப்பையில் வைத்து, ஒரு வாரம் அந்தச் சட்டையைத் துவைக்கக்கூடக் கொடுக்கவில்லை. அப்படியும் மேல் லயத்தில் சிலர், பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காமலா இருப்பார் என்று பேசிக்கொண்டார்கள்.

கடைசிக் கேள்வி வரை நானும் மேல் லயத்து அண்ணன் ஒருவரும் சமமாக நின்றோம். உலகத்திலேயே உயரமான கட்டடம் எந்த நாட்டில் இருக்கிறது என்று அப்பா மைக்கில் கேட்டார். அண்ணன் மலேசியா என்றார். தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அப்பா சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் மனப்பாடம். நான் தைவான் என்றேன். அப்பா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மலேசியாதான் சரி என்றார். மகள் என்று பார்க்காமல் நியாயம் சொன்னதற்குக் கூட்டம் கைதட்டியது.

நான் சும்மா இருந்திருக்கலாம். கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த அச்சுத்தாளை எடுத்து மன்றத் தலைவரிடம் நீட்டினேன்.

"இன்டர்நெட்ல இருந்து எடுத்தது. அப்பா சொன்னது பழசு. அவருக்கு தெரியல."

நான் பேசியது மைக்கில் விழுந்து தோட்டம் முழுக்கக் கேட்டது. தலைவர் தாளை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, பாப்பா சொல்வதுதான் சரி போல என்றார். கூட்டம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். முதல் பரிசான ஃப்ளாஸ்க்கை என் கையில் தந்ததும் அவர்தான். வீடு வரும்வரை அம்மா ஃப்ளாஸ்க்கைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். அம்மாவுக்கு ஃப்ளாஸ்க்கின் நிறம் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, யானை எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்று சண்டை போட்டுக்கொண்டு இருவர் வாசலுக்கு வந்தார்கள். அப்பா பீடியை அணைத்துத் தொண்டையைச் செருமினார்.

"இருக்கட்டும்ணே. பாப்பா சனிக்கிழம ஹட்டனுக்கு போகுமில்ல, பார்த்துட்டு வந்து சொல்லட்டும்" என்றார் ஒருவர்.

நான் ஓடிப்போய்க் கொப்பியை எடுத்து வந்து கேள்வியைக் குறித்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா வேலை விட்டு வந்ததும் என்னிடம் இரண்டு தாள் வாங்கி, குந்தியிருந்து எழுத ஆரம்பித்தார். இத்தனை வருடத்தில் மற்றவர்களுக்குச் சொன்ன பதில்களில் நினைவிருந்ததையெல்லாம் இலக்கம் போட்டு எழுதினார். முப்பது வந்தது.

"இதெல்லாம் சரியான்னு பார்த்துட்டு வாம்மா. நாலு பேருக்கு தப்பா சொல்லியிருந்தா நல்லா இருக்காது" என்றார்.

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. டீச்சரிடம் சிவப்புப் பேனா இரவல் வாங்கினேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, இன்டர்நெட் கடையில் ஒவ்வொன்றாகப் பார்த்து, சரியானதற்குச் சரி அடையாளமும் பிழைக்குப் பெருக்கல் அடையாளமும் போட்டு, பக்கத்தில் சரியான விடையை எழுதினேன். கிரகங்கள் ஒன்பது என்று எழுதியிருந்தார். முந்தின வருடம்தான் அதில் ஒன்றைக் கழித்திருந்தார்கள். அதையும் நான் விடவில்லை. அந்தப் பத்திரிகைத் தாள்களை அச்சடித்த காலத்தில் அவற்றில் பல சரியாகவே இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. தாளின் அடியில் முப்பதுக்குப் பதினாறு புள்ளி என்று எழுதி, "இன்னும் முயற்சி தேவை" என்று சேர்த்துக் கையெழுத்தும் போட்டேன். இன்று அதை நினைத்தால் எனக்குக் கூச்சம் தாங்கவில்லை.

சனிக்கிழமை சாயந்தரம் அப்பா தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு, அதைக் கையில் பிடித்தபடி லயத்தின் முதல் வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"அன்னிக்கு நான் ஒங்களுக்கு தப்பா சொல்லிட்டேங்க. கிரகம் எட்டுதானாம். பாப்பா பார்த்துட்டு வந்திருச்சு."

அந்த வீட்டுக்காரர், மற்ற ஒன்று எங்கே போனது என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வியை நான் தட்டிப் பார்த்திருக்கவில்லை.

அடுத்த வீட்டில் நீளமான ஆறு, அதற்கடுத்த வீட்டில் ஒரு நாட்டின் தலைநகரம். யாரிடம் எதைச் சொன்னோம் என்பது அவருக்கு அப்படியே நினைவிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் தாளைப் பார்த்து, நிதானமாகச் சொன்னார். சிலர் பரவாயில்லை என்றார்கள், சிலருக்கு அவர் என்ன சொன்னார் என்பதே மறந்திருந்தது. நான் ஃப்ளாஸ்க்கையும் தோளில் மாட்டிக்கொண்டு கடைசி வீடு வரை கூடவே போனேன். அப்பா வீடு வீடாகப் போய் என் பெருமையைப் பேசுகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.