சிலுவையில் இருந்த பெயர்

தேயிலைத் தோட்டத்து இந்து, கிறிஸ்தவப் பெண்களுக்கு எழுத்தறிவு கொடுக்க அரசாங்கம் ஒரு வகுப்பைத் தொடங்கியது. மலாய் மொழி, அதை ஆங்கில எழுத்தில் எழுதும் ரூமி எழுத்து. தானா ராத்தா டவுனிலிருந்து வாரம் ஒருமுறை போய்ச் சொல்லிக்கொடுக்க என்னைப் போட்டார்கள். திறப்பு விழாவன்று அதிகாரிகள் பேனர் கட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அதன்பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கொடுத்த பாடப்புத்தகத்தில் ஒரு குடும்பம் பக்கத்துக்குப் பக்கம் கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு எரிச்சலாக வரும்.

வகுப்புக்கு வந்த ஓர் அக்கா முதல் நாளே புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். கொழுந்து வெட்டி ஓய்வு பெற்றவர். கணவர் இறந்தபின் தொழிலாளர் லயத்தில் தனியாக இருந்தார்.

“இதெல்லாம் எனக்கு வேணாம் டீச்சர். எம் மக பேர மட்டும் சொல்லிக் குடுங்க. சிலுவைல இந்த எழுத்துலதான எழுதியிருக்கு, அத ஒருக்கா நானே படிச்சிட்டா போதும்லா.”

மகள் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கத்துக்குத் தாயை அழைத்துப்போகும் வழக்கம் அப்போது அந்த லயத்தில் இல்லை. பிறகு ஒரு கல்லறைத் திருநாளில் கணவர்தான் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினாராம். அவருக்கும் எழுத்து தெரியாது. அவர் போன பின்பும் ஒவ்வொரு வருடமும் அக்கா தவறாமல் போய்ப் புல் பிடுங்கி, மெழுகுவத்தி ஏற்றி வந்தார்.

காய்த்துப்போன விரல்களில் பென்சில் நிற்காது. ஆனாலும் அடுத்த கல்லறைத் திருநாளுக்குள் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிவிட்டார். என்னையும் கூட வரச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கல்லறை மேட்டில் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த சிமெண்டுச் சிலுவைகள். அக்கா பாசியைத் தேய்த்துவிட்டு எழுத்தின்மேல் விரலை வைத்தார். விரல் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து வைத்தார். நான் குனிந்து பார்த்தேன். அது வேறொரு குழந்தையின் பெயர்.

“எம் மக பேரு இப்படி ஆரம்பிக்காதே டீச்சர்,” என்றார்.

இருவரும் தேடினோம். வேலி ஓரத்தில், புதருக்குள் சாய்ந்து கிடந்தது மகளுடைய சிலுவை. அக்கா தானே வாசித்தார், எழுத்து எழுத்தாக, பிசகில்லாமல். அதில் ஒரு சொட்டு மெழுகுகூட இல்லை. பாடம் வாசிப்பதைக் கேட்டு நான் அழுதது அன்றைக்குத்தான்.

கொண்டுவந்தது ஒரே மெழுகுவத்தி. ஏற்றப் போனவர், முதலில் பார்த்த சிலுவையைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெழுகுவத்தியை இரண்டாக ஒடித்தார்.

“அதுக்கும் யாரும் வரமாட்டாங்க போலருக்கு.”

அடுத்த வாரம் அவர் வகுப்புக்கு வரவில்லை. லயத்துக்குப் போய்க் கூப்பிட்டேன். டீ ஊற்றிக் கொடுத்தார். முகத்தில் கோபமே இல்லை.

“படிக்காமயே இருந்திருந்தா, எம் புள்ளயத்தான் பாத்துட்டு வரேன்னு நிம்மதியா போய்ச் சேந்திருப்பேன், டீச்சர். இப்ப, இத்தன வருஷமா அவ இருட்டுலயே கெடந்திருக்கான்னு தெரிஞ்சுபோச்சு.”